மட்டாஞ்சேரி யூதர் தெருவும் வட்டெழுத்துச் செப்பேடும்

கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியில், பழைய அரண்மனைக்குத் தென்புறத்தே, யூதர் தெரு என்னும் பெயருடைய குறுந்தெரு ஒன்று உளது. விரைந்து நடப்பார் அதனைக் கால்மணி நேரத்துள் கடந்துவிடலாம். ஆயினும், அத்தெருவின் கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் பெயர்களையும் நின்று நோக்குவார்க்கு அக்கால்மணி நேரம் ஆயிரம் ஆண்டு வரலாறாக விரியும். அவ்வரலாற்றிற்கு முதற்சான்றாவது ஒரு செப்பேடு. அச்செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழியோ தமிழறிந்தார்க்கு அயலன்று.

யூதரோடு தமிழுக்குள்ள தொடர்பைப் பேசப் புகுவோர், எபிரேய மறைநூலில் சாலமோன் மன்னனுக்கு வந்த பண்டங்களுள் ஒன்றாகக் கூறப்படும் ‘துக்கி’ என்னும் பறவைப்பெயரைத் தமிழ்த் ‘தோகை’யோடு ஒப்பிடுவதோடு அமைவதே பெருவழக்கு. அவ்வொப்பீடு கால்டுவெல் காலமுதல் பலராலும் எடுத்தாளப்பட்டது. ஆயின், ஒற்றைச் சொல்லினும் விரிவான சான்று, படிப்பாரை வேண்டி, மட்டாஞ்சேரியில் இருந்துவந்துளது. அதனைக் கையிற்கொண்டு அத்தெருவில் நடந்தால் புலப்படுவன யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. பரதேசி என்னும் சொல்

தெருவின் வடகோடியில் நிற்பது பரதேசிப் பள்ளி. சமணரும் பௌத்தரும் உறைந்த இடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் பழஞ்சொல் மேலைக்கரையில் யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூவர்தம் வழிபாட்டிடங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. ‘பரதேசி’ என்பதற்கு இன்றைய தமிழில் இரவலன் என்னும் இழிபொருள் ஏறியுளது. இவ்விடத்து அது ‘பிறநாட்டான்’ என்னும் சொற்பொருளிலேயே வழங்குகின்றது.

இசுப்பானியாவினின்று 1492-இலும், போர்த்துக்கல்லினின்று 1497-ஐ ஒட்டியும் வெளியேற நேர்ந்த யூதருட் சிலர் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சியை அடைந்தனர். அலெப்போ, பாக்தாது முதலிய நகரங்களினின்றும் பிறர் பின்னர் வந்து சேர்ந்தனர். கோவாவில் 1560-இல் நிறுவப்பெற்ற போர்த்துக்கீசியரின் சமய விசாரணை மன்றம் இவர்களைத் தொடர்ந்து அச்சுறுத்தியது. அந்நிலையில் கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே இவர்க்கு இடமளித்தார். 1568-இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. அரண்மனை வளாகத்துப் பழையன்னூர்ப் பகவதி கோயிலுக்கு அணித்தாகவே அப்பள்ளி அமைந்தமை, அரசர் தந்த காவலின் அளவை எடுத்துக்காட்டும்.

பெயரால் இவர்கள் பிறநாட்டார். அங்ஙனமாயின், எவரை நோக்க இவர்கள் பிறநாட்டார்? இவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே மேலைக்கரையில் வாழ்ந்த யூதர் இருந்தனர். அவர்களே மலபாரி யூதர் எனப்படுவோர். இவ்விரு சாராரையும் வேறுபிரித்துக் காணாதார்க்கு இத்தெரு விளங்காது.

2. மணிக்கூண்டும் மதிற்கல்லும்

பள்ளியின் அருகே நிற்பது 1760-ஐ ஒட்டி எழுந்த மணிக்கூண்டு. அதன் முகங்களில் எபிரேய எண்களும் உரோம எண்களும் மலையாள எண்களும் காணப்படுகின்றன. தமிழ் எண்குறிகளோடு உறவுடைய மலையாள எண்குறிகள் எபிரேயக் குறிகளோடு ஒரே கூண்டில் நிற்பது, இத்தெருவார் எவரெவரோடு கலந்து வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

இக்கூண்டை எழுப்பியவர் எசக்கியேல் இரகபி (1694–1771). அவர் ஒல்லாந்த வாணிகக் குழுவிற்கு நெடுங்காலம் தலைமை வணிகராக விளங்கியவர். பள்ளியின் தளத்திற் பதிந்துள்ள, நீல ஓவியம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகள் 1762-இல் வந்தன. மிளகு ஏற்றிச்சென்ற கடல்வழியே ஓடுகளும் வந்தன எனலாம். உட்புகுவோர் காலணி களைந்தே புகுதல் வேண்டும். மேனாட்டுப் பள்ளிகளிற் காணாத இவ்வழக்கம் இந்நாட்டுக் கோயில் வழக்கத்தோடு ஒத்திருத்தல் கண்கூடு.

ஓதுவார் நின்று மறைநூல் ஓதும் மேடை நடுவே ஒன்றும், மாடத்தின்மேல் பெண்டிர் இருக்கைக்கு முன்னர் மற்றொன்றும் ஆக இரண்டு மேடைகள் பள்ளியுள் உள. இரண்டாம் மேடை கேரளப் பள்ளிகட்கே சிறப்பாக உரிய அமைப்பு. பரதேசியர் தம் பழைய ஊர்களின் முறையை விடுத்து, இந்நாட்டில் முன்னரே வாழ்ந்த மலபாரி யூதர் முறையைத் தழுவினர் என்பதை இக்கட்டடமே கூறுகின்றது.

இதனினும் வலிய சான்று ஒன்று பள்ளியின் மதிலிற் பதிக்கப்பெற்றுளது. அஃது எபிரேய எழுத்துப் பொறித்த ஒரு கல். கொச்சங்காடியில் 1344-இல் எழுந்து பின் அழிந்துபட்ட யூதப் பள்ளியின் கல் அது. 1341-இல் பெரியாற்றில் நேர்ந்த பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சித்துறை சிறந்தது என்பர். அதனையடுத்து மூன்றாண்டிலேயே யூதர் கொச்சியில் பள்ளி எடுத்தனர் என்பதை இக்கல் காட்டும். பரதேசிப் பள்ளிக்கு 224 ஆண்டு மூத்தது இக்கல். பின்வந்தோர் மதிலில் முன்னிருந்தோர் கல் பதிந்திருத்தலை நோக்குக. இக்கல்லின் நிலையே செப்பேட்டின் நிலையுமாம்.

3. செப்பேடு கூறுவது

பரதேசிப் பள்ளியில் வழிவழியாகப் பேணப்பெற்றுவந்த செப்பேடு, சேர மன்னன் பாசுகர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து அளித்தது. இதனைக் கி.பி. 379-ஆம் ஆண்டினது என யூதர் மரபு கருதிற்று. ஊல்ட்சு என்னும் செருமானியக் கல்வெட்டறிஞர் 1890-களில் இதனைச் செவ்வனே பதிப்பித்தார். எம்.ஜி.எஸ். நாராயணன் அரசரின் ஆட்சியாண்டுகளை ஆராய்ந்து, இதன் காலம் கி.பி. 1000 எனக் கணித்தார். ஏட்டில் ஆட்சியாண்டு, இரண்டாம் ஆண்டிற்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு என்னும் முறையிற் குறிக்கப்பெற்றுளது. ‘எதிர்’ என ஆண்டெண்ணும் இம்முறை பாண்டியர் கல்வெட்டுகளைப் பயின்றார்க்குப் பழக்கமானதே.

பெயர்களின் வடிவங்கள் மொழிநூலார் கருத்திற்கு உரியன. பாசுகரன் என்னும் வடசொல் பார்கரன் எனவும், வர்மர் என்பது வன்மர் எனவும் திரிந்து நிற்கின்றன. உரிமை பெற்றவன் எபிரேயத்தில் யோசேப்பு இரப்பான் எனத்தக்கவன். ஏட்டில் இஸ்ஸுப்பு இரப்பான் என வழங்கப்பெறுகின்றான். எபிரேயத்தில் அவன் இரண்டாம் பெயர் ரகரத்தை முதலாக உடையது. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாமையின் இகரம் முன்வந்தது. வல்லொலியுடைய எபிரேய மெய் பகரமாயிற்று. மன்னன் பெயராகிய இரவி எவ்வாறு இகரம் பெற்றதோ அவ்வாறே வணிகன் பெயரும் பெற்றது. அயலான் ஒருவனை இந்நாட்டார் முதற்கண் தம் ஒலிமரபினுள் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

முயிரிக்கோடு என்பதைச் சங்கப் பாடல்களின் முசிறியோடு ஒப்பிடுவர். பசலை, பயலை என நிற்கும் சகர யகரத் திரிபு ஈண்டும் காணப்படும். இவ்வூரைக் கொடுங்கல்லூரென வரலாற்றார் கொள்வர்.

அளிக்கப்பெற்ற உரிமைகளுள் பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், இடுபடி, தோரணம், தோரணவிதானம் என்பன எண்ணப்படுகின்றன. பாவாடை என்பது ஈண்டு நடப்பதற்கு விரிக்கும் துணி, அந்தோளகம் பல்லக்கு, காகளம் ஊதுகொம்பு. இவற்றோடு எழுபத்திரண்டு விடுபேறும் கூட்டி அளிக்கப்பெற்றன. உல்கும் துலாக்கூலியும் விலக்கப்பெற்றன. திருக்குறளில் அரசன் பொருளாகக் கூறப்பட்ட உல்கு என்னும் சுங்கமே இது. துலாக்கூலி நிறைகோலுக்குரிய வரி.

வேணாடு, வேணாபலிநாடு, ஏராளநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகியவற்றை உடையோர் ஐவரும், படைத்துணைவன் ஒருவனும் இதற்குச் சான்றாக நின்றனர். அந்நாளைய சேரநாட்டின் பெருங்குடியாட்சியாளர் பலரும் ஒரு வணிகன் உரிமைக்குச் சான்றாக நின்றமை, கடல்வாணிகத்தை அவ்வரசு எத்துணை மதித்தது என்பதைப் புலப்படுத்தும்.

ஏட்டின் மொழியைக் கேரளப் புலவர் பழைய மலையாளம் என்பர். மேலைக்கரைத் தமிழ் என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் ஆகுக. விடுபேறு, நிறை, கூலி, குடை, பறை என்னும் சொற்களைக் கேட்ட தமிழ் மாணவர் எவரும் அகராதியைத் தேடிச் செல்லார் என்பது உறுதி.

4. அஞ்சுவண்ணம்

இரப்பானுக்கு முதற்கண் அளிக்கப்பெற்றது அஞ்சுவண்ணம். இச்சொல்லின் பொருளில் நேர்ந்த மயக்கமே யூதர் வரலாற்றைப் பெரிதும் மாற்றிக்காட்டிற்று. அஃது ஒரு நாட்டின் பெயர் எனவும், இரப்பான் அந்நாட்டிற்கு மன்னன் ஆயினான் எனவும் யூதர் மரபு கொண்டது. குடையும் பல்லக்கும் பறையும் அரசர்க்குரிய சின்னங்களாதலின் அம்மரபு நம்பத்தக்கதாகத் தோன்றிற்று. ஐந்து வகையினர் எனப் பிரித்துப் பொருள் கூறினாரும் உளர்.

பிற ஆவணங்களை ஒருங்குவைத்து நோக்கின் இம்மயக்கம் நீங்கும். 849-இல் தாணுரவி காலத்தில் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் இணைத்துக் கூறுகின்றது. அதன் சான்றாளர் அரபு எழுத்திலும், பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்தாற் பாரசீக மொழியிலும் கையெழுத்திட்டனர். 1269-இல் பாண்டிநாட்டுக் கடற்கரைத் தீர்த்தாண்டதானத்திற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டும் அஞ்சுவண்ணத்தாரை வணிகக் கூட்டத்தாருள் ஒருவராகச் சுட்டுகின்றது. சிதைவாகக் கிடைத்த பல்சந்தமாலையிலும் இசுலாமிய வணிகரைக் குறித்து இச்சொல் வருகின்றது.

ஆதலின், அஞ்சுவண்ணம் என்பது கூட்டம் எனப் பொருள்படும் ‘அஞ்சுமன்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு எனவும், மேலையாசியாவினின்று வந்த வணிகர்தம் குழுவின் பெயர் எனவும் கொள்ளுதலே பொருந்தும். யூதரும் கிறித்தவரும் இசுலாமியரும் அக்குழுவினுள் இருந்தனர். இரப்பான் நாடாண்ட மன்னன் அல்லன்; மன்னனால் பெருஞ்சிறப்புச் செய்யப்பெற்ற வணிகத்தலைவன். கொல்லத்து ஏட்டையும், பாண்டிநாட்டுக் கல்வெட்டையும், தமிழ்ச் செய்யுளையும் ஒருங்கு படித்தாலன்றி இம்முடிவை எய்துதல் இயலாது. எபிரேயம் வல்லார்க்கும் பாரசீகம் வல்லார்க்கும் தமிழ் துணைவேண்டும் இடம் இது.

5. தென்கோடி

இனி, பள்ளியினின்று தெற்கு நோக்கி நடப்போம். இருமருங்கும் ஓட்டுக் கூரை வேய்ந்து, சுவரோடு சுவர் ஒட்டிய மாடவீடுகள் உள. கீழ்த்தளம் கடையாகவும் மேல்தளம் உறையுளாகவும் அமைந்தவை அவை. சில சன்னற் கம்பிகளில் ஆறுமுனை விண்மீன் உருவம் காணப்படும். முன்னாளில் மிளகும் சுக்கும் ஏலமும் குவிந்திருந்த பண்டசாலைகள் பலவற்றில் இன்று பழம்பொருள் வணிகம் நடைபெறுகின்றது.

இத்தெருவில் ஒருகாலத்து மூன்று பள்ளிகள் இருந்தன. வடகோடியிற் பரதேசியர் பள்ளி. இடையே தெக்கும்பாகப் பள்ளி. தென்கோடியிற் கடவும்பாகப் பள்ளி. பின்னைய இரண்டும் மலபாரி யூதர்க்கு உரியன. தெற்குப் பக்கம் என்பதும், கடவு எனப்படும் படித்துறையின் பக்கம் என்பதும் இப்பெயர்களின் பொருள். அவற்றின் முதற்பகுதியாகிய தெக்கு, கடவு என்பன திராவிடச் சொற்களாதல் காண்க. வடகோடியார் பெயரே அவர் வெளியினின்று வந்தமையைக் கூற, தென்கோடியார் பள்ளிப்பெயர்கள் இம்மண்ணின் திசையையும் துறையையும் கூறுகின்றன.

ஆயின், தெருவின் வழக்கு இதற்கு நேர்மாறாக அமைந்தது. பின்வந்தோர் ‘வெள்ளை யூதர்’ எனப்பட்டனர். முன்னிருந்தோர் ‘கறுப்பு யூதர்’ எனப்பட்டனர். முன்னவர் பின்னவரோடு மணவினை கொள்ளவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே இவ்வேற்றுமை பற்றிய வினா கெய்ரோ நகரத்து யூதச் சமயத்தலைவர் தாவீது இப்னு சிம்ராவிற்குச் சென்றது. அவர் ஒதுக்கப்பட்டார் சார்பாகவே விடையளித்தார். எனினும் தெரு அவ்விடையை ஏற்கவில்லை. 1686-இல் ஆம்சுடர்டாமினின்று வந்து இங்குள்ள யூதரைக் கண்டு எழுதிய மோசே பெரேரா தெ பைவாவின் அறிக்கையும் இப்பிரிவினையைப் பதிவு செய்துளது. கொச்சி யூதரைப் பற்றி அவர் எழுதிய செய்திகள் 1687-இல் போர்த்துக்கீசிய மொழியில் அச்சாயின.

பரதேசியருள்ளும் ஒரு கீழ்ப்பிரிவு இருந்தது. அடிமை நிலையினின்று விடுவிக்கப்பட்டோர் வழியினர் எனப்பட்ட அவர்கள் பள்ளியின் முன்னறையிலோ தரையிலோ அமர நேர்ந்தது. மறைநூல் ஓதும் உரிமை அவர்க்கு மறுக்கப்பட்டது. அப்பிரிவிற் பிறந்தவர் ஆபிரகாம் பராக்கு சாலம் (1882–1967). சென்னையிற் கல்வி கற்று வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். இந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவர். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் பள்ளியின் வாயிலிலேயே அவர் கையாண்டார். அவர்தம் நெடுமுயற்சியால் அத்தடைகள் 1940-களுக்குள் பெரும்பாலும் தளர்ந்தன.

இவ்விடத்துச் செப்பேட்டை மீண்டும் நோக்குதல் வேண்டும். இரப்பானுக்கு அளித்த உரிமை எவரெவர்க்குச் செல்லும் என ஏடு விரித்துக் கூறுகின்றது. ஆண்மக்கட்கும், பெண்மக்கட்கும், மருமக்கட்கும், பெண்மக்களை மணந்த மருமக்கட்கும் அது வழிவழி உரியது. உலகும் திங்களும் உள்ளளவும் உரியது. நிறம் பற்றியோ வந்த திசை பற்றியோ ஒரு சொல்லும் ஏட்டில் இல்லை. மேலும், ஏடு பொறிக்கப்பெற்ற 1000-ஆம் ஆண்டில் பரதேசியர் இந்நாட்டில் இல்லை. அவ்வாறாயின் அவ்வுரிமைக்கு முதற்கண் உரியார் முன்னிருந்தோரே ஆதல் வேண்டும். அவர்தம் ஏடு பின்வந்தோர் பேழையுட் புகுந்து, பின்வந்தோர் குடிப்பெருமைக்குச் சான்றாகக் காட்டப்பெற்றது. ஏட்டைப் போற்றியோர் அதன் எழுத்தைப் படிக்கவல்லராய் இருந்திலர். படித்திருப்பின், தாம் காத்த ஏடே தம் வழக்கத்திற்கு எதிர்ச்சான்று என்பதை உணர்ந்திருப்பர்.

6. பெண்டிர் ஏடுகள்

செப்பேடும் மதிலும் ஆடவர் உலகைக் காட்டுவன. இத்தெருவில் மற்றொரு வகை ஏடும் இருந்தது. யூதப் பெண்டிர் திருமணத்திலும் திருநாள்களிலும் பாடிய மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்து ஏடுகளில் எழுதிவைத்தனர். மணமகளைப் பாடுவன, பள்ளிகளின் தோற்றத்தைப் பாடுவன, எபிரேய மறைநூற் கதைகளைக் கூறுவன என அவை பலதிறத்தன. அவற்றின் மொழி மிகப் பழைய வடிவங்களைப் பேணியுளது. இசுகறியா சக்கறியா, ஒபிரா காம்லியேல் என்னும் இருவர் அப்பாட்டுகளை மலையாளத்திலும் எபிரேயத்திலும் 2005-இல் எருசலேமில் வெளியிட்டனர். அந்நூலுக்கு இட்ட பெயர் ‘கார்குழலி’ என்பது. தமிழ் மாணவர்க்கு இப்பெயருக்கு உரை வேண்டுமோ?

அவ்வேடுகளை ஆராய்ந்தார் கண்ட உண்மை ஒன்று ஈண்டு முதன்மையானது. பரதேசிப் பெண்டிர் ஏடுகளிற் காணும் பாட்டுகள் பல மலபாரிப் பெண்டிர் ஏடுகளிலும் காணப்படுகின்றன. ஆடவர் தெருவை வடக்கு தெற்காகப் பிரித்த காலத்தும் பாட்டு அவ்வெல்லையைக் கடந்து சென்றது. உண்ணும் கலமும் கொள்ளும் மணமும் வேறாயினும், பாடும் மொழி ஒன்றாயிருந்தது.

7. எஞ்சியவை

இசுரேல் நாடு 1948-இல் அமைந்தது. மலபாரி யூதருட் பெரும்பாலோர் 1950-களின் நடுப்பகுதியில் அந்நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். பரதேசியரும் பின்னர்ப் படிப்படியாக நீங்கினர். பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா 1968-இல் தலைமையமைச்சர் இந்திரா காந்தி கலந்துகொள்ள நடைபெற்றது. நினைவு அஞ்சல்தலையும் வெளிவந்தது. அவ்வளவு சிறப்புற விழா எடுத்த குடியினர் இன்று தெருவில் ஏறத்தாழ இலராயினர்.

தெக்கும்பாகப் பள்ளி இன்று இல்லை. கடவும்பாகப் பள்ளியின் செதுக்குமர வேலைப்பாடுகள் 1990-களில் எருசலேமிலுள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பெற்றன. வெறுங்கூடாய் நின்ற கட்டடத்தின் முகப்பு 2019-இல் மழையால் இடிந்தது. வடகோடியில் காண்போர் திரளாக வரும் பள்ளியையும், தென்கோடியில் இடிந்த சுவரையும் ஒரே நடையிற் காண்பார்க்கு, தெருவின் பழைய வேற்றுமை கட்டடங்களின் முடிவிலும் தொடர்தல் தெரியும்.

2017-இல் இந்தியத் தலைமையமைச்சர் இசுரேல் சென்றபோது இச்செப்பேட்டின் படிவத்தை அந்நாட்டுத் தலைமையமைச்சர்க்கு அளித்தார். ஏட்டின் புகழ் இங்ஙனம் பரவியது. ஆயினும், புகழ்பெற்ற ஏடு வேறு, படிக்கப்பெற்ற ஏடு வேறு. படிவம் பெற்றார்க்கும் அளித்தார்க்கும் வட்டெழுத்து அறிந்தாரே அதன் பொருளை உரைத்தல் வேண்டும்.

மேற்கூறியவாற்றான், யூதர் தெருவை அறிதற்கு மூன்று ஏடுகள் உள என்பது பெறப்படும். ஒன்று செம்பிலும், ஒன்று கல்லிலும், ஒன்று பெண்டிர் எழுதிய தாளிலும் அமைந்தவை. அவற்றுட் கல் எபிரேயம் அறிந்தார்க்கு உரியது. ஏனைய இரண்டும் நம் மொழியையும் அதன் உடன்பிறந்த மொழியையும் கற்றார்க்கு உரியன. பல்கலைக்கழக மாணவர் வட்டெழுத்துப் பயிலுங்கால் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளோடு இச்செப்பேட்டையும் கொல்லத்துச் செப்பேட்டையும் பாடமாகக் கொள்ளுதல் நன்று. மலைநாட்டு ஏடுகள் நமக்குரியன அல்ல என விடுத்தல் ஆய்வுக்கு இழப்பேயாகும். உரிமை அளித்த அரசும் பெற்ற குடியும் நீங்கின. உலகும் திங்களும் உள்ளளவும் நிற்க எனப் பொறித்த சொல்லைத் தவறின்றிப் படித்து உண்மை உரைத்தல் நம்மேல் எஞ்சிய கடனாகும்.